அம்மாவுக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்), மாத்திரையை நிறுத்தலாமா?

செம்பனைக்காடு: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 9.8 மில்லிமோல்/லிட்டர், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 8.4 சதவீதம். கிளினிக்கில் மெட்ஃபார்மின் கொடுத்தார்கள், வயிறு கலக்குகிறது என்று ஒரு வாரமாகப் போடாமல் பாகற்காய்ச் சாறு மட்டும் குடிக்கிறார். சோற்றை அடியோடு விட்டால் மாத்திரை இல்லாமல் சமாளிக்கலாமா?

லயத்துவீட்டு அக்கா: வேண்டாம் தம்பி. மாத்திரையைச் சாப்பாட்டோடு போடச் சொல்லுங்கள். எனக்கும் முதல் இரண்டு வாரம் பேதிதான், அப்புறம் சரியாகிவிட்டது. அடங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது, அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிதானே (ரிங்கிட்). சோற்றை ஏன் அடியோடு விடணும்? தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதி காய்கறி, ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ (கால், கால், பாதி) என்று மலாயில் சொல்வார்களே, அதுதான். முதலில் தே தாரேவை (ஆற்றிய பால் டீ) நிறுத்துங்கள், அத்தனையும் டின்பால் சீனி. தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத டீ) பழகட்டும்.

பால்மரத்தான்: பாகற்காயைக் கறியாகச் சாப்பிடட்டும், மருந்துக்குப் பதில் ஆகாது. அம்மாவின் பாதங்களையும் பாருங்கள். எங்கள் அப்பா செம்பனை முள் குத்தியதே தெரியாமல் நடந்து, புண் அழுகி ஒரு விரலை எடுத்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை கண்ணும் காட்டணும்.

செம்பனைக்காடு: சரி அக்கா, நாளைக்கே கூட்டிப்போகிறேன். தே தாரேக்குத்தான் சண்டை வரும், ஒரு நாளைக்கு நாலு கிளாஸ் குடிக்கிற ஆள்.