சென்னையில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடாதது ஏன்?

மடிப்பாக்கம்வாசி:
2022 பிப்ரவரி 19, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். சனிக்கிழமைதான். தமிழ்நாடு முழுக்க 60 சதவீதம் பதிவானபோது சென்னையில் 43-ஐத் தாண்டிக் கொஞ்சம். தெருவில் தண்ணீர் நின்றால் மட்டும் ட்விட்டரில் பொங்குவோம். சோம்பேறித்தனம், வேறென்ன?

கணக்குப்பிள்ளை:
2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த ஊராட்சித் தேர்தலில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் போட்டார்களே! அங்கே ஆளுக்கு நாலு வாக்குச் சீட்டு, தலைவருக்கே தனியாக ஒரு பிங்க் சீட்டு. நமக்கு? கவுன்சிலருக்கு ஒரே ஓட்டு. 2011-ல் மேயரை நாமே தேர்ந்தெடுத்தோம், 2022-ல் கவுன்சிலர்கள் கூடி முடித்துக்கொண்டார்கள். நடுவில் 2016 அக்டோபரிலிருந்து ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர்களே இல்லை, அரசு நியமித்த தனி அதிகாரிதான். குப்பை வண்டி வந்தது, வரி ரசீதும் வந்தது. கவுன்சிலர் இல்லாமலே ஓடும் என்று பழக்கிவிட்டது யார்?

மடிப்பாக்கம்வாசி:
வரியா? தேர்தல் முடிந்து ஆறே வாரத்தில் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியது. ஓட்டே போடாதவர் யாரிடம் போய்க் கேட்பார்?

கணக்குப்பிள்ளை:
அறிவித்தது மாநில அரசு சார், கவுன்சிலர் இல்லை. நீங்களே எனக்குச் சாட்சி சொல்கிறீர்கள்.

மூன்றாவதுமாடி:
நான் வாடகை வீட்டுக்காரன். வாக்காளர் பட்டியலில் பெயர் இன்னும் பெரம்பூரில், குடியிருப்பது பள்ளிக்கரணையில். பெரம்பூர் போய் அந்த வார்டுச் சாக்கடைக்கு நான் ஏன் ஓட்டுப் போட வேண்டும்?

மடிப்பாக்கம்வாசி:
உள்ளாட்சிக்கென்று தனிப் பட்டியல் எடுப்பதில்லை, சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வார்டாகப் பிரிக்கிறார்கள். படிவம் 8 கொடுத்தால் முகவரி மாறிவிடும். சரி, 2021 சட்டமன்றத் தேர்தலுக்குப் பெரம்பூர் போனீர்களா?

மூன்றாவதுமாடி:
போனேன். அது முதலமைச்சர் யார் என்கிற விஷயம்!

கணக்குப்பிள்ளை:
இன்னொன்று, நம் உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா கிடையாது. எவரும் பிடிக்காதவன் வீட்டில்தான் இருப்பான். அதுவும் ஒரு பதில்தான்.

மடிப்பாக்கம்வாசி:
அந்தப் பதிலை யார் படிக்கிறார்கள்? எங்கள் அடுக்குமாடிக்கு ஒரு வேட்பாளரும் வரவில்லை. வாட்ச்மேனிடம் நோட்டீஸ் கட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பின்னால் இருக்கிற குடிசைப் பகுதியில் மட்டும் தினமும் மேளம். மொத்தமாக ஓட்டு விழுகிற இடம் எதுவென்று அவர்களுக்குத் தெரியாதா? தெருவிளக்கும் அங்கேதான் முதலில் எரிந்தது.

கணக்குப்பிள்ளை:
வந்தது தெருவிளக்கு மட்டும்தானா, கவரில் பணமுமா?

மடிப்பாக்கம்வாசி:
இரண்டும்தான். எங்களுக்கு இரண்டுமே வரவில்லை.