எந்தத் தாது வருஷம்? – முன்னோர் காலவரிசை போட்டவர்களின் அனுபவங்கள்

கும்பகோணம் பக்கத்திலிருந்து:

குடும்ப மரம் வரைவது எளிது. பழைய கல்யாணப் பத்திரிகைகளும் நினைவு மங்காத நாலு பாட்டிகளும் போதும். காலவரிசை போட உட்காரும்போதுதான் குட்டு உடைகிறது. எங்கள் வீட்டுக் கதைகளில் ஒரு பெரிய தாத்தா உண்டு. ஆற்றங்கரை நிலத்தை வாங்கியவர் அவர், கடைசியில் அதைக் கடனுக்கு அடமானம் வைத்தவரும் அவரே. பழைய பட்டாவில் பசலி 1299 என்று இருந்தது. பசலி என்பது நிலவரிக் கணக்கு ஆண்டு. ஆங்கில ஆண்டு தெரிய அதோடு 590-ஐக் கூட்ட வேண்டும். ஜூலையில் தொடங்கும் கணக்கு என்பதால் அது 1889 ஜூலை முதல் 1890 ஜூன் வரை. அடமானப் பத்திரமோ 1951. அதில் அவருக்கு வயது 38 என்று எழுதியிருக்கிறது. ஆக, அவர்கள் இருவர்: தாத்தாவும், அவர் பெயரைச் சுமந்த பேரனும்.

தகப்பனார் பெயரைப் பார்த்துப் பிரிக்கலாமே என்பீர்கள். எங்கள் குடும்பத்தில் இரண்டே பெயர்கள்தாம் தலைமுறைக்குத் தலைமுறை மாறி மாறி வருகின்றன. அதனால் இருவருமே பத்திரங்களில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுத்துப் பிசகாமல் ஒன்றாக நிற்கிறார்கள். வயதும் ஆண்டும் மட்டுமே அவர்களைப் பிரித்தன. கடன்பட்டவர் பேரன்தான் என்று தெரிந்த பிறகு அந்தக் கிளையினர் என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஆண்டே இல்லாத பேச்சையும் தள்ளிவிடாதீர்கள். "எம்டன் குண்டு போட்டபோது அத்தைப் பாட்டி தவழ்ந்துகொண்டிருந்தாள்" என்பது எனக்கு முதல்தரச் சான்று. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைத் தாக்கியது 1914 செப்டம்பர் 22.

நாகர்கோவிலிலிருந்து:

அண்ணா, எங்கள் பக்கம் திருவிதாங்கூராக இருந்ததால் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டுதான். ஆவணியில் பிறக்கும் ஆண்டு என்பதால் டிசம்பர் முடியும்வரை 824-ஐயும், ஜனவரியிலிருந்து 825-ஐயும் கூட்டவேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் ஓர் ஆண்டு பிசகிவிடும்.

எங்களுக்குத் தலைவலி கொடுத்தது ஓர் ஓலை ஜாதகம். கொல்லம் ஆண்டு இருந்த ஓரத்தைப் பூச்சி அரித்துவிட்டது. மிஞ்சியது தாது வருஷம், பங்குனி மாதம், கிழமை, நட்சத்திரம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருமே! தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்த பூட்டனார் என்று ஒரு கட்சி, 1937-இல் பிறந்து குழந்தையிலேயே இறந்த பெரியப்பா என்று இன்னொரு கட்சி. 1877 பங்குனியையும் 1937 பங்குனியையும் பஞ்சாங்கக் கணக்கில் வைத்துப் பார்த்தோம். கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்து வந்தது 1877-இல் மட்டும்தான். பெரியப்பா கட்சி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஈப்போவிலிருந்து:

எங்கள் தாத்தாவைப் பற்றிப் பாட்டி சொன்னது ஒரே வரி: "ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போனார், வரவில்லை." சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து. எந்த ஆண்டு என்று கேட்டால் பாட்டி அழுதுவிடுவார். தோட்டத்தில் ஆள் பிடித்துக் கொண்டுபோனபோது சின்னத்தை வயிற்றில் ஆறு மாதம் என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அத்தையின் அடையாள அட்டையில் 1943 செப்டம்பர் முதல் வாரம். அப்படியானால் தாத்தா போனது ஜூன் வாக்கில். சயாம்–பர்மா ரயில் பாதை அந்த அக்டோபரில் இணைந்தது. அதை முடிக்க ஜப்பானியர் விரட்டி வேலை வாங்கிய மாதங்கள் அவை. மழையும் காலராவும் முகாம்களை வாரிக்கொண்டுபோன மாதங்களும் அவைதாம். காலவரிசையில் அவருக்கு இதற்குமேல் எழுத எதுவும் கிடைக்கவில்லை.

கும்பகோணம் பக்கத்திலிருந்து:

அக்கா, கேட்கவே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். மலாயாவில் அடையாள அட்டை 1948-இல்தான் வந்தது. அத்தையின் தேதி பின்னால் யாரோ வாயால் சொல்லிப் பதிந்ததாக இருக்கலாம். எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பதற்கென்றே என் காலவரிசையில் தனிக் கட்டம் வைத்திருக்கிறேன். பிறந்த சமயத்தில் எழுதிய துண்டுச் சீட்டு ஏதாவது உண்டா?

ஈப்போவிலிருந்து:

உண்டு தம்பி. அத்தையின் ஜாதக நோட்டில் சுபானு வருஷம் ஆவணி என்று இருக்கிறது. சுபானு 1943 ஏப்ரலில் பிறந்த வருஷம். ஆவணி ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. அட்டையோடு ஒத்துப்போகிறது. நாள், நட்சத்திரம் இருக்கும் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புகிறேன். நாகர்கோவில் தங்கை அதையும் பஞ்சாங்கத்தில் பார்த்துச் சொல்லட்டும்.