மறு: சிக்னேச்சர் மாடல் – தமிழில் என்ன?

அன்புடையீர்,
மின்கிட்டார் கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு கலைஞரின் பெயரில் நிறுவனம் வெளியிடும் கிட்டாரைக் குறிக்கும் ‘சிக்னேச்சர் மாடல்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘கையொப்ப மாதிரி’ என்றால் வங்கியில் கேட்கும் மாதிரிக் கையொப்பம்தான் நினைவுக்கு வருகிறது. ‘கையொப்பமிட்ட கிட்டார்’ என்றாலோ கலைஞர் பேனாவால் எழுதிக்கொடுத்த ஒற்றைக் கருவி, அது வேறு. ஒரு கருவியின் வடிவம் எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும் ‘டிசைன் ஹெரிட்டேஜ்’ என்பதற்கும் ஒரு சொல் தாருங்கள்.
– ச.

முத்திரை இருக்க வேறென்ன தேட்டம்? தீட்சிதர் தம் கீர்த்தனைகளில் ‘குருகுக’ என்று வைப்பது முத்திரை. ‘முத்திரைக் கிட்டார்’ யாருக்கும் புரியும்.
– வ.

> முத்திரை இருக்க வேறென்ன தேட்டம்?

முத்திரை வடசொல் ஐயா. சேரன் இமயத்தில் வைத்தது விற்பொறி. சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல். பொள் > பொளி > பொறி என்பது என் துணிபு. துளைத்தல், பிறகு கொத்துதல், பிறகு குறியிடுதல். பொந்து, பொத்தல், புள்ளி எல்லாம் இந்த வேரில்தான் வந்து சேரும். ‘பெயர்ப்பொறிக் கிட்டார்’ என்க.
– பா.

பா. ஐயா, கம்பியும் சுருளும் நிறைந்த கருவியில் ‘பொறி’ என்றால் படிப்பவர் தீப்பொறி என்று பயப்படுவார்.

முத்திரையிலும் ஒரு இடறல். கீர்த்தனையில் முத்திரை வைப்பவர் ஆக்கியவரே. இங்கே செய்வது நிறுவனம், பெயர் வாசிப்பவருடையது. அதோடு, பெயரும் வடிவமும் எப்போதும் சேர்ந்தே போவதில்லை. கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் பெயரில் கிப்சன் நிறுவனம் 1952இல் வெளியிட்ட மாடலைப் பாருங்கள்: மகோகனி உடல், மேலே செதுக்கிய மேப்பிள், 24¾ அங்குல நரம்பு நீளம், நரம்பின் அதிர்வை மின்குறியாக்கும் பிக்கப் இரண்டு, பி-90 வகை. கழுத்துக்குச் சாய்வு போதவில்லை. நரம்புகளை, அவை முடியும் வால்கம்பிக்கு அடியில் சுற்ற வேண்டியதாயிற்று. உள்ளங்கையால் நரம்பை அடக்கி வாசிக்க வழியில்லை. 1953இல் சாய்வைக் கூட்டி, உடலில் ஊன்றிய கட்டையின் மேலாகச் சுற்றினார்கள். 1957இல் இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் வந்தது. 1961இல் உடலே மாறி மெலிந்து இரு கொம்பாயிற்று, பெயர் மட்டும் லெஸ் பால்! 1963இல் பெயரை எடுத்ததும் அது ‘எஸ்ஜி’ என்ற மாடல். 1968இல் பழைய உடல் பழைய பெயரோடு திரும்பியது.

ஆகவே முதற்சொல்லில் ‘பெயர்’ தெரிய வேண்டும்; ‘ஹெரிட்டேஜ்’ உடலின் வம்சத்தைச் சொல்ல வேண்டும். ‘பெயர்வழி’, ‘வடிவவழி’ எப்படி?
– கு.

‘பெயர்வழி’யா! யாரோ ஒரு பேர்வழி கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கிறது.
– வ.

எங்கள் இலங்கைப் பக்கம் ஒப்பந்தங்களில் கைச்சாத்திடுவோம், அதாவது கையெழுத்திடுவோம். ‘கைச்சாத்துக் கிற்றார்’ தூய்மையாகவும் இருக்கும், வழக்கிலும் உண்டு.
– யோ.

சாத்து என்றால் வணிகர் கூட்டமும்தானே; கோவலன் தந்தை மாசாத்துவான். எங்கள் ஊர்ப்பேச்சில் ‘நல்லா சாத்தினான்’ என்றால் அடி. ராக் கச்சேரியில் கிட்டாரை அடித்து உடைப்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.
– வ.

கேட்காத ஒன்று. விரற்பலகையில் குறுக்கே பதித்த ‘ஃபிரெட்’டுக்குப் புதுச்சொல் தேடாதீர்கள் தம்பி, வீணையின் மெட்டு இருக்கிறது. 1988இல் ஃபெண்டர் நிறுவனம் கிட்டார் கலைஞர் மால்ம்ஸ்டீன் பெயரில் வெளியிட்ட ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) கிட்டாரில் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்திருப்பார்கள். வீணையில் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும் மெட்டு தரும் அதே வசதி: விரல்நுனி மரத்தில் உரசாது, நரம்பை வளைப்பது எளிது. பழகாதவர் அழுத்திப் பிடித்தால் சுருதி ஏறிவிடும். ‘குடைந்த விரற்பலகை’ என்று எழுதலாம். கழுத்துக்குக்கூட யாழின் தண்டான ‘கோடு’ உண்டு. சிலம்பின் கானல்வரியில் பத்தர், ஆணி, நரம்போடு வருவது.
– மீ.

கோடு என்றால் வரி என்று படிப்பார்கள் அம்மா. மெட்டு எடுத்துக்கொண்டேன்.

இதையும் பாருங்கள். அதே 1988இல் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பெயரில் வந்த ஸ்ட்ராட்: நடு அதிர்வெண்களை 25 டெசிபெல் வரை உயர்த்தும் சுற்று, அதற்கு 9 வோல்ட் மின்கலம், மரத்துண்டு வைத்து அசையாமல் நிறுத்திய ட்ரெமலோ (நரம்புகளைத் தளர்த்தி இறுக்கிச் சுருதியை அசைக்கும் அமைப்பு). அவர் வாசித்த ‘பிளாக்கி’ என்ற கிட்டாரோ மூன்று பழைய ஸ்ட்ராட்டுகளின் உறுப்புகளைக் கூட்டிச் செய்தது. இதை ‘வழி’ என்பதா, ‘மரபு’ என்பதா?
– ச.

மூன்று தாய்க்கு ஒரு பிள்ளை. மரபு என்று விட்டுவிடுங்கள்.
– கு.

நன்றி. ‘முத்திரை மாடல்’, ‘வடிவ மரபு’ என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘கலைஞர் பெயர் தாங்கி, அவர் விரும்பிய உறுப்புகளோடு வரும் கிட்டார்’ என்று ஒரு வரி விளக்கம். நான்கு பேர் ஒப்பினார்கள், பா. ஐயா இல்லை.
– ச.

முதற்சொல் வடமொழி, அடுத்தது ஆங்கிலம். நடுவில் தமிழுக்கு ஓர் இடைவெளி மட்டும் விட்டிருக்கிறீர்கள். என் மறுப்பைப் பதிந்துகொள்க. ‘பிக்கப்’புக்கு என்ன போட்டீர்கள்?
– பா.

பிக்கப்.
– ச.