மொடல் ரயில் ஷோவுக்குப் போன ஆக்கள் உங்கட கதையையும் சொல்லுங்கோ, நான் தொடங்கிறன்

மாங்குளத்தில இருந்து:

2023 நவம்பர், ரொறன்ரோவில அண்ணை வீட்ட அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் நிண்ட நேரம், மிசிசாகாவில மொடல் ரயில் ஷோ ஒண்டு நடக்குது வாங்கோ எண்டு அண்ணை கேட்டார். அப்பா மாட்டன் எண்டுட்டார். "சின்னப்பிள்ளையளின்ர சாமான் பாக்கவோ இந்தக் குளிருக்க என்னை இழுக்கிறியள்" எண்டு ஒரே புறுபுறுப்பு. சாப்பாடு வாங்கித் தாறம் எண்டு சொல்லித்தான் காரில ஏத்தினது.

அப்பா ஆரெண்டு முதல் சொல்லவேணும். எண்பதுகளில மாங்குளம் ஸ்ரேஷனில பொயின்ற்ஸ்மனா, அதாவது கோச்சி பாதை மாறத் தண்டவாளத்தைத் திருப்பிவிடுறவரா இருந்தவர். 90 ஜூனில சண்டை தொடங்கி கோச்சி நிண்டுபோச்சு, அதோட சரி. எனக்கு அப்ப மூண்டு வயசு. ரயிலைக் காண முதலே நான் தண்டவாளத்துக்குக் கீழ போடுற சிலிப்பர் கட்டையைக் கண்டிட்டன், பங்கருக்கு மேல அடுக்கி மண் போட்டு மூடிக் கிடக்கும், தண்டவாளமும் அதுக்குத்தான் போனது. திரும்ப 2013 செப்ரெம்பரில கிளிநொச்சி வரைக்கும் ரயில் விடேக்க எனக்கு 26 வயசு, பிள்ளைகுட்டிக்காரன்.

சரி ஷோவுக்கு வருவம். எங்கட ஊர்ச் சந்தை மாதிரி ரெண்டு மூண்டு எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ, அவ்வளவு பெரிய மண்டபம். ஒரு பக்கம் கிளப் ஆக்கள் தங்கட தங்கட துண்டு மேசையளைக் கொண்டுவந்து ஒண்டோட ஒண்டு பூட்டி நீளமா ரயில் ஓட விடினம், மற்றப் பக்கம் பழைய சாமான் விக்கிறாக்கள், அதுக்கு அங்கால கொம்பனியளின்ர கண்ணாடிப் பெட்டியள். அதிகமும் எச்ஓ எண்டிற அளவு, அதாவது உண்மையான ரயிலின்ர அளவில 87 இல ஒண்டு. என்ஜின்ர நம்பர், கைபிடிக் கம்பி, ட்ரைவர் இருக்கிற சீற் எல்லாம் தெரியும், கண்ணாடி போட்டாத்தான்.

இனி வரப்போற சாமானைத்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டியளுக்க வச்சிருந்தினம். நான் பளபளப்பா இருக்கும் எண்டு நினைச்சன், பாத்தா பெயின்ற் அடிக்காத வெறும் சாம்பல் பிளாஸ்ரிக். ஒண்டுக்குச் சில்லும் இல்லை. மேசையில நிண்ட தம்பி விளங்கப்படுத்தினார், முதல் கொம்பியூட்டரில கீறுவினமாம், பிறகு அச்சு வெட்டி அதில வார்த்த முதல் உடம்பு இதுதானாம், இதில பிழை பிடிச்சுத் திருத்தி அடுத்ததா நிறம் அடிச்ச சாம்பிள் எடுப்பினமாம், கடைக்கு வர இன்னும் எத்தினையோ மாசம் செல்லுமாம். அதுக்குள்ள ஆக்கள் ப்ரீ ஓடர் குடுத்துக்கொண்டு நிக்கினம். சத்தத்தோட ஒரு என்ஜின் 400 டொலருக்கு மேல, அப்பா விலையைக் கேட்டிட்டு என்னை ஒரு பார்வை பாத்தார் பாருங்கோ.

பேந்து அந்தத் தம்பி பக்கத்தில கிடந்த ஜிபி9 எண்ட டீசல் என்ஜினை ஸ்ராட் பண்ணிக் காட்டினார். உள்ளுக்க குட்டி ஸ்பீக்கர், உண்மையான என்ஜின்ர சத்தத்தைப் பதிவு செய்து போட்டிருக்கினம். அது உறுமத் தொடங்க, சாப்பாட்டுக் கடை எங்க எண்டு தேடிக்கொண்டு நிண்ட அப்பா திரும்பினார். "டேய் உது எங்கட கனடா என்ஜின்ர சத்தமெல்லே". எனக்கு விசர் பிடிச்ச மாதிரி. விசயம் என்னெண்டா கொழும்புத் திட்டம் எண்ட நாடுகளுக்கான உதவித் திட்டத்தில கனடா இலங்கைக்குக் குடுத்த எம்2 என்ஜினுகள், ஒன்ராறியோ, அல்பேர்ட்டா எண்டு மாகாணங்களின்ர பேர் எழுதி ஓடினதுகள், அதுகள் ஜி12 மொடல். ரெண்டுக்குள்ளயும் இருக்கிறது ஜெனரல் மோட்டர்ஸின்ர 567 எண்ட ஒரே குடும்பத்து டீசல் என்ஜின், எங்கடையில 12 சிலிண்டர், இதில 16. யாழ்தேவியை அதுகளும் இழுத்ததுகள். அப்பா அந்தத் தம்பியிட்டச் சொல்லச் சொன்னார், "எங்கடை இதவிடக் கொஞ்சம் மெதுவா உறுமும் எண்டு சொல்லு" எண்டு. நான் சொன்னன். அவர் உடன ஃபோனை எடுத்து ஜி12 படத்தைத் தேடிப் பிடிச்சு, அப்பாவுக்கு ஒரு கதிரையும் எடுத்துப் போட்டார். பிறகு ஒரு மணித்தியாலம் எங்களுக்குச் சாப்பாடு இல்லை.

வெளிக்கிடேக்க நான் ஒரு ஸ்ராட்டர் செற், அதாவது புதுசாத் தொடங்கிறாக்களுக்கான ரயில் செற், வாங்கினன். இஞ்ச கொண்டுவந்து பிளக்கில குத்தினன், டப் எண்டொரு சத்தம், கரிஞ்ச மணம். கனடாவில 120 வோல்ற் எல்லோ, இஞ்ச 230. பெட்டியில எழுதித்தான் கிடந்தது, நான் வாசிக்கேல்ல. வாங்கிறாக்கள் கவனம்.

வவுனியாவில இருந்து:

அண்ணை உங்கட அப்பாவின்ர கதை வாசிக்க எனக்கும் என்ர ஞாபகம் வந்திட்டுது. நான் பேர்மிங்காமில படிச்ச காலம், என்ஈசி எண்ட கண்காட்சி மண்டபத்தில நடந்த வார்லி எண்ட மொடல் ரயில் ஷோவுக்குப் போனனான், அதுவும் 2023 நவம்பர்தான், அதோட அந்த ஷோவையே நிப்பாட்டிப்போட்டினம், கடைசி ஆளா நான் போயிருக்கிறன் போல. அங்க பொம்பிளையள் குறைவு. ஒரு மேசையில நான் கேள்வி கேக்கக் கேக்க அந்த மனுசன் எனக்குப் பின்னால நிண்ட ஆரோ ஒரு ஆம்பிளைக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் என்ர புருசன் எண்டு மேசைக்காரர் நினைச்சிட்டார் போல, அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது.

அடுத்த மேசைக்காரர் நல்ல மனுசன். சாம்பிள் ஒண்டை என்ர கையிலயே தந்தார். நான் கையை நடுங்காமப் பிடிக்கவேணும் எண்டு நினைச்சு நினைச்சே பிடிச்சன், பக்கத்துக் கைபிடிக் கம்பி, தலைமயிர் மொத்தம்தான், டக் எண்டு கழண்டு விழுந்திட்டுது. எனக்கு அழுகை வராத குறை. அவர் சிரிச்சிட்டு, இப்பிடி உடையிற இடம் எதெண்டு பாக்கத்தானே கொண்டு வந்தனாங்கள் எண்டார். பிறகு நான் துணிஞ்சு எங்கட நாட்டு என்ஜின் ஏன் செய்யேல்ல எண்டு கேட்டன். உருக்கு அச்சு வெட்டிற செலவுக்கு ஆயிரக்கணக்கில விக்கவேணும் பிள்ளை, எத்தினை பேர் வாங்குவினம் எண்டு திருப்பிக் கேட்டார். நான் எங்கட வீட்டில ஒண்டு எண்டன்.

இன்னொரு கரைச்சலும் இருக்கு, எங்கட பாதை, ரெண்டு தண்டவாளத்துக்கும் இடையில உள்ள அகலம், அஞ்சரை அடி, 1676 மில்லிமீற்றர். கடையில விக்கிற ஓஓ, எச்ஓ ரெண்டுக்கும் பாதை 16.5 மில்லிமீற்றர்தான். ஓஓ எண்டா 76 இல ஒண்டு, அந்தக் கணக்குக்கு எங்கட பாதை 22 மில்லிமீற்றர் வரவேணும். கடைப் பாதையில எங்கட பெட்டியை ஏத்தினா ஒட்டகம் ஒத்தையடிப் பாதையில போற மாதிரித்தான் இருக்கும். சரியாச் செய்யவேணும் எண்டா பாதையை நாங்களே கையால போடவேணும்.

பரந்தனில இருந்து:

நான் ஒரு ஷோவுக்கும் போகேல்ல, போறதுக்கு வழியுமில்லை, ஜனவரியில கொம்பனியள் அந்த வருசத்துச் சாமான் அறிவிக்கேக்க ஃபோனில பாக்கிறதோட சரி. 2022 ஒக்ரோபரில ஹோர்ன்பி எண்ட இங்கிலாந்துக் கொம்பனி டிடி120 எண்ட, 120 இல ஒண்டு அளவு ரயிலை அறிவிச்ச நேரம் டேட்டா முடிஞ்சு, பக்கத்து வீட்டு வைஃபைக்காக மதிலோட நிண்டு பாத்தனான், நுளம்புக் கடி. சின்னதா இருக்கும், 12 மில்லிமீற்றர் பாதை, மேசை ஒண்டிலயே ஒரு ஊர் கட்டலாம் எண்டு ஆசைப்பட்டு ஒரு ரயில் பெட்டி மட்டும் தபாலில எடுப்பிச்சன். வரியெண்டு கேட்ட காசு பெட்டியின்ர விலையை விடக் கூட. இப்ப அட்டையில பரந்தன் ஸ்ரேஷன் செய்யிறன், அதுக்கு வரியில்லை.

மாங்குளத்தில இருந்து திரும்பவும் நான்:

வவுனியாத் தங்கச்சி அந்த 22 மில்லிமீற்றர் கதையை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினதுதான் பிழையாப் போச்சு. சிலிப்பர் கட்டை ஒம்பது அடி, ரெண்டடிக்கு ஒண்டு எண்டு கணக்குச் சொன்னார், நான் 76 ஆல பிரிச்சுப் பாத்தன், 36 மில்லிமீற்றர் நீளம், 8 மில்லிமீற்றருக்கு ஒரு கட்டை. இப்ப கதவு செய்து மிஞ்சின முதிரைப் பலகையை எடுத்து வச்சு விறாந்தையில இருந்து சீவிக்கொண்டிருக்கிறார். நேற்று இரவோட 140 முடிஞ்சுது. தண்டவாளக் கம்பி மட்டும் 22க்குப் போடக்கூடினது இலங்கைக்குள்ள எங்கயும் கிடைக்குமோ எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, மனுசன் ஒவ்வொரு நாளும் காலமை கேக்குது.