மறு: ‘சவால் ஓட்டம்’ என்பதற்கு மாற்றாகத் ‘தன்விதி ஆட்டம்’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கற்பனை உயிரினங்களைப் பிடித்து வளர்த்து மோதவிடும் பழைய போக்கிமொன் கணினி ஆட்டங்களைத் தாமே வகுத்துக்கொண்ட கட்டுப்பாடுகளோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஆடி, அதனை அப்படியே இணையத்தில் நேரலையாகக் காட்டும் வழக்கத்துக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்ற இவ்விழையில் இதுவரை வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். சென்னை நண்பர் முன்வைத்த ‘சவால் ஓட்டம்’ என்ற சொல்லுக்கு ஆதரவு கூடி வருகிறது. அது நிலைபெறுவதற்கு முன் கொழும்பிலிருந்து என் மறுப்பைக் காரணங்களோடு பதிவுசெய்து, ‘தன்விதி ஆட்டம்’ என்பதை மாற்றாக முன்மொழிய விரும்புகிறேன்.

‘ஓட்டம்’ பற்றிய மறுப்பு எளியது. இலங்கையில் அந்தச் சொல்லைக் கிரிக்கெட் முழுமையாக எடுத்துக்கொண்டுவிட்டது. ‘சவால் ஓட்டம்’ என்று ஒரு காணொளிக்குத் தலைப்பிட்டால், வெள்ளவத்தையில் அதைப் பார்க்கும் மாணவர் எட்டிப்பிடிக்க வேண்டிய ஓட்ட எண்ணிக்கை பற்றிய செய்தி என்றே கொள்வார். ‘ஆட்டம்’ என்பதே போதும். ஒரு முறை தொடங்கி முடியும் வரையிலான முழு ஆட்டத்தையும் அது தடையின்றிக் குறிக்கும்.

‘சவால்’ என்ற சொல்லின் குறை இதைவிட ஆழமானது. சவாலை ஒருவர் மற்றவருக்கு விடுகிறார். அல்லது ஒரு பணியே தன்னை எடுத்துக்கொள்பவருக்குச் சவாலாக நிற்கிறது. இங்கே நடப்பது இரண்டுமல்ல. 1996 பெப்ரவரி 27ஆம் நாள் ஜப்பானில் கேம் போய் கருவிக்காக வெளிவந்த சிவப்பு, பச்சைப் பதிப்புகளை எண்ணிப் பாருங்கள். எட்டுத் தலைவர்களை வென்று எட்டுப் பதக்கங்களைப் பெற்று, இறுதியில் நால்வர் அணியையும் வாகையரையும் வெல்ல வேண்டிய அந்த ஆட்டம், ஆடுபவரிடம் மிகுந்த பரிவோடு நடந்துகொள்கிறது. தோற்ற போக்கிமொன் சாவதில்லை, மயங்கி விழுகிறது. ஊருக்கு ஊர் இருக்கும் நிலையங்களில் பணம் எதுவும் வாங்காமல் அதைக் குணப்படுத்தித் தருகிறார்கள். அணியிலிருக்கும் ஆறு போக்கிமொன்களும் மயங்கினாலும் பாதிப் பணம் குறைந்து, கடைசியாகச் சென்ற நிலையத்துக்குத் திரும்புவதோடு தண்டனை முடிந்துவிடுகிறது. ஆகவே ஆட்டம் தராத ஒரு கடுமையை ஆடுபவர் வெளியிலிருந்து கொண்டுவந்து தன்மீதே சுமத்திக்கொள்கிறார். நமக்குப் பெயர் தேவைப்படுவது இந்தச் செயலுக்குத்தான். கடினமான ஆட்டங்கள் எத்தனையோ உள்ளன; அவை எல்லாவற்றையும் ‘சவால்’ என்றே சொல்லலாம். கலைச்சொல் ஒன்று, தான் குறிக்கும் பொருளை அதன் அண்டைப் பொருள்களிலிருந்து பிரித்துக்காட்ட வேண்டும்.

இந்த நோக்கத்தோடுதான் மட்டக்களப்பு ஆசிரியை ‘நோன்பாட்டம்’ என்ற அழகிய சொல்லைத் தந்தார் என்று நினைக்கிறேன். பொறுத்தல் என்ற பொருளுடைய ‘நோல்’ என்ற வேரிலிருந்து பிறந்து, தானே ஏற்ற கட்டுப்பாடு என்ற கருத்தைத் தன்னுள் முழுமையாக வைத்திருக்கும் சொல் அது. ஆயினும் புத்தளத்துச் சகோதரர் எழுப்பிய தயக்கத்தோடு நான் உடன்படுகிறேன். தமிழகத்தவருக்கு இது எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதை அறியேன். இங்கே தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு நோன்பு என்றால் முதலில் ரமழான் மாதத்து நோன்பு. சைவர்கள் பெரும்பாலும் விரதம் என்று சொல்லிவிடுவதால், அன்றாடப் பேச்சில் ‘நோன்பு’ அந்தச் சமூகத்தின் வழிபாட்டோடு இன்னும் நெருக்கமாகக் கட்டுண்டிருக்கிறது. ஒரே வகுப்பில் இருந்து ஒரே ஆட்டத்தை ஆடும் பிள்ளைகளுக்கிடையில் மனவருத்தத்தை விளைவிக்கக்கூடிய சொல்லை, வேறு சொல் கிடைக்கும்போது, நாம் தெரிவு செய்யக்கூடாது.

மற்றொரு பெயரான ‘வஞ்சின ஆட்டம்’ பற்றியும் ஒரு சொல். இன்னதைச் செய்யத் தவறினால் எனக்கு இன்னது ஆகட்டும் என்று வீரன் கூறும் உறுதிமொழியைத் தொல்காப்பியம் காஞ்சித்திணையில் வைத்துப் பேசுகிறது. நிபந்தனையைத் தானே தனக்கு இடுவதில் ஒற்றுமை இருக்கிறது. ஆனால் வஞ்சினத்தில் பலிப்பது தோல்விக்குப் பிந்திய கேடு. நாம் பேசும் கட்டுப்பாடோ முதல் அடியிலிருந்தே ஒவ்வொரு நகர்விலும் செயற்படுவது. மேலும், வஞ்சினத்துக்கு எதிரில் ஒரு பகைவன் வேண்டும்.

இனி ‘தன்விதி’. இந்த வழக்கத்தை அறியாத ஒருவருக்குத் தமிழில் விளக்கத் தொடங்கினால், ‘ஆட்டத்தில் இல்லாத விதிகளைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டு ஆடுவது’ என்றுதான் எவரும் சொல்வோம். வலிந்து உருவாக்க வேண்டிய தேவையே இல்லாமல், விளக்கத்தின் நடுவிலேயே சொல் கிடக்கிறது. பள்ளியில் ‘தன்வினை, பிறவினை’ படித்த எவருக்கும் அதன் அமைப்பு பழகியது. ஆட்டத்தை உருவாக்கியவர்கள் அதனுள்ளே வைத்தது ‘ஆட்டவிதி’, ஆடுபவர் தன்மீது வைத்துக்கொள்வது ‘தன்விதி’ என்ற இணை எதிர்நிலையும் உடனே கிடைத்துவிடுகிறது. தன்விதியில் ஆடினார், தன்விதியாளர், தன்விதி நேரலை, தன்விதியை மீறுதல் என்று எல்லாப் பக்கமும் சொல் கிளைக்கிறது. ‘சவால் ஓட்டம்’ என்பதிலிருந்து ஒரு வினையையோ ஆளைக் குறிக்கும் பெயரையோ இவ்வளவு இயல்பாக எடுக்க முடியவில்லை.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். விதி என்றால் ஊழ் என்றும் பொருள் உண்டே என்பது ஒன்று. போக்குவரத்து விதி, தேர்தல் விதி, ஒழுங்குவிதி என்று நாளிதழ்களில் நாள்தோறும் படிக்கும் நமக்கு அந்த மயக்கம் நேராது. விதி வடசொல் என்பது மற்றொன்று. அதற்கு ஈடாகத் ‘தன்னெறி’ என்று வைத்துப் பார்த்தேன். நெறி என்றவுடன் வாழ்க்கை ஒழுக்கம் முன்வந்து நிற்பதால் அதைக் கைவிட்டேன். விதித்தல் என்று வினையாகவும் நிலைத்து, வரி விதிப்பது முதல் தடை விதிப்பது வரை எல்லாவற்றுக்கும் பயன்படும் ஒரு சொல்லைப் பிறப்பிடம் பார்த்து ஒதுக்குவது நமக்கே இழப்பு.

சொல்லின் எல்லையையும் வரையறுக்க வேண்டும். 1990இல் தொடங்கிய ஃபயர் எம்ப்ளம் வரிசையின் முதல் ஆட்டத்தில் களத்தில் வீழ்ந்த வீரர் பொதுவாகத் திரும்பி வருவதில்லை. அந்தக் கடுமை ஆட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டது. எனவே அது ஆட்டவிதி. 2014 பெப்ரவரி 12ஆம் நாள் ட்விச் என்ற நேரலைத் தளத்தில் தொடங்கி மார்ச் 1ஆம் நாள் நிறைவுற்ற கூட்டு முயற்சியை ஒரு மடல் எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டிருந்தது. பார்வையாளர்கள் அரட்டையில் இடும் கட்டளைகளையே பொத்தான் அழுத்தங்களாக ஏற்று, சிவப்புப் பதிப்பை 16 நாள்களுக்கு மேல் ஆடி முடித்த அந்த நேரலையில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பங்கெடுத்தனர். வியக்கத்தக்க நிகழ்வுதான். ஆனால் அங்கே மாறியது ஆட்டத்தைச் செலுத்தும் முறை. எவரும் தம்மீது விதி எதையும் இட்டுக்கொள்ளவில்லை. அதைக் ‘கூட்டாட்டம்’ என்று தனியே வைப்போம்.

தன்விதியோடு நேரலையைச் சேர்த்தே நாம் பேசவேண்டியதற்கு உறுதியான காரணம் உண்டு. ஆட்டவிதியைக் கருவி காக்கிறது. தன்விதியைக் காப்பதற்கு ஆடுபவரின் நேர்மையைத் தவிர வேறெதுவும் இல்லை. கருவியை அணைத்துவிட்டுச் சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கினால் எந்த இழப்பையும் இல்லாமற் செய்துவிடலாம். வெட்டி ஒட்டிய காணொளியில் அது வெளியே தெரியாது. நேரலையில் பார்ப்பவர்கள் சாட்சிகளாகிறார்கள். சிவப்பு, பச்சை முதலான முதல் தலைமுறைப் போக்கிமொன் பதிப்புகளில், நூறு விழுக்காடு பிசகாது என்று காட்டப்படும் தாக்குதல்களிற் பெரும்பாலானவையும் 256இல் ஒரு முறை தவறக்கூடும். 0 முதல் 255 வரை எழுந்தமானமாக எடுக்கும் ஓர் எண், 255ஐ விடச் சிறியதாக இருந்தால் மட்டுமே அடி விழும் என்று நிரலை எழுதியதன் விளைவு அது. நெடுநேரம் வளர்த்த ஓர் உயிர் அந்த ஒரு தவறலால் வீழும்போது, அதைப் பின்வாங்காமல் ஏற்றுக்கொள்கிறாரா என்பதை எல்லாரும் அந்தக் கணத்திலேயே பார்க்கிறார்கள். தன்விதியின் மதிப்பு முழுவதும் அந்த ஏற்பிலேயே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

நேரலை என்ற சொல்லில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் வானொலியில் தேர்த்திருவிழாக்களுக்கு வழங்கிய ‘நேரடி அஞ்சல்’ என்ற தொடர்மீது பற்று உண்டு. ஆயினும் சிங்களத் தொலைக்காட்சியில் ‘சஜீவி’ என்ற ஒற்றைச்சொல் திரை மூலையில் அடங்கி நிற்பதுபோல, நமக்கும் அங்கே அடங்குவதற்குச் சிறிய சொல் வேண்டும். நேரலை அறுந்துபோவதற்கும் ஒரு விதி தேவை என்பதை இங்குள்ளவர்கள் நன்கறிவார்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த ஊர் இது. சாட்சிகள் இல்லாத இடைவெளியில் ஆடியதைக் கணக்கில் கொள்வதா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் விதியை ‘அறுபடு விதி’ எனலாம்.

உட்பிரிவுச் சொற்களுக்கு வருகிறேன். தன்விதி ஆட்டங்களில் மிகப் பரவலானது 2010இல் ஒரு படக்கதை ஓவியர் போக்கிமொனின் ரூபி பதிப்பைத் தாம் ஆடிய கதையை வரைந்து இணையத்தில் வெளியிட்டதிலிருந்து பிறந்தது. அதன் பெயரான ‘நஸ்லொக்’, நஸ்லீஃப் என்ற போக்கிமொனின் பெயரையும் ஒரு தொலைக்காட்சித் தொடர் மாந்தரின் பெயரையும் ஒட்டிச் செய்தது. பொருள் தரும் பகுதி அதில் எதுவும் இல்லாததால் மொழிபெயர்க்க முயல்வது வீண். அதைப் பெயராகவே வைத்து, ‘நஸ்லொக் வகைத் தன்விதி’ என்று எழுதுவோம்.

அதன் அடிப்படை விதிகள் இரண்டு. ஒவ்வோர் இடத்திலும் முதலில் எதிர்ப்படுவதை மட்டுமே பிடிக்கலாம் என்பது ஒன்று. இதற்கு ‘முதற்சந்திப்பு’ என்ற சொல் ஏற்கெனவே பலர் மடல்களில் தானாக வந்துவிட்டது. மயங்கிய உயிரை இறந்ததாகக் கொண்டு விடுவித்துவிட வேண்டும், அல்லது மீண்டும் எடுக்காமல் பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. இதற்கு வந்த ‘நிரந்தரச் சாவு’ என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. சாவு எல்லாமே நிரந்தரமானது, அடைமொழி வீண். அத்தோடு, ஆட்டம் ‘மயக்கம்’ என்று சொல்வதை ஆடுபவர் ‘மரணம்’ என்று மாற்றிக்கொள்வதிலேயே இந்த விதியின் உணர்ச்சி முழுவதும் தங்கியிருக்கிறது. அதனால் ‘மீளா மயக்கம்’ என்கிறேன். மரண அறிவித்தல்களில் ‘மீளாத்துயில்’ என்று கேட்டுப் பழகிய நம் காதுக்கு, சாவு என்ற சொல்லைச் சொல்லாமலே அது சாவைச் சொல்லிவிடும். பிடித்த ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கவேண்டும் என்று பின்னர் வழக்கமாகிவிட்ட விதியோடு இது நன்கு பொருந்துகிறது. நேரலைகளில் பல சமயம் பார்வையாளர்களே பெயர் சூட்டுகிறார்கள். தாம் பெயரிட்ட உயிர் மீளா மயக்கத்தில் வீழ்வதைப் பார்ப்பவரின் துயரத்தை ‘நிரந்தரச் சாவு’ என்ற அலுவலகத் தொடர் தாங்காது.

இருவர் தனித்தனியே ஆடி, ஒரே இடத்தில் பிடித்த இரண்டையும் இணையாக்கி, ஒன்று வீழ்ந்தால் மற்றதையும் இழக்கும் வகைக்கு ‘உயிர்ப்பிணை’ என்று பரிந்துரைக்கிறேன். நீதிமன்றச் செய்திகளில் வரும் பிணை நினைவுக்கு வந்தாலும் பொருள் கெடாது. ஒருவருக்காக மற்றவர் பொறுப்பேற்று நிற்பதுதான் இங்கும் நடக்கிறது. முதற்சந்திப்பில் ஏற்கெனவே கைவசமுள்ள இனமே வந்தால் அதைத் தவிர்த்து அடுத்ததைத் தேடலாம் என்ற சலுகைக்கு ‘இரட்டை விலக்கு’ போதும். சிவப்புப் பதிப்பின் முதலாம் வழியில் பிஜ்ஜி, ரட்டாட்டா என்ற இரண்டு மட்டுமே எதிர்ப்படுவதாலும், அதே இனங்கள் அடுத்தடுத்த வழிகளிலும் வருவதாலும், இந்த விலக்கு இல்லாவிட்டால் அணி முழுவதும் ஒரே முகமாகிவிடும்.

சொற்கள் உண்மையில் உழைக்கின்றனவா என்று பார்ப்பதற்காக, நேரலைத் திரையின் ஓரத்தில் வைக்கும் விதிப்பலகை ஒன்றை எழுதிப் பார்த்தேன்: ‘இது நஸ்லொக் வகைத் தன்விதி ஆட்டம். ஒவ்வோர் இடத்திலும் முதற்சந்திப்பு மட்டுமே; இரட்டை விலக்கு உண்டு. மயக்கம் யாவும் மீளா மயக்கம். அணி முழுதும் வீழ்ந்தால் ஆட்டம் முடிவுறும். நேரலை அறுந்தால், மீளும் வரை ஆட்டம் நிற்கும்.’ குறுகிய பலகையில் இடத்துக்கு அடங்குகிறது. புதிதாக வருபவரும் வாசித்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார்.

ஒரே ஒரு சொல் இன்னும் எனக்கு அமையவில்லை. அடுத்து எதிர்கொள்ளும் தலைவரின் வலிமை மிக்க போக்கிமொன் இருக்கும் வளர்ச்சி அளவை (level) தாண்டித் தம்முடையதை வளர்க்கக்கூடாது என்று கடுமையாக ஆடுபவர்கள் வைத்துக்கொள்ளும் எல்லைக்கான சொல் அது. சிவப்புப் பதிப்பின் முதல் தலைவரான புரொக்கிடம் உள்ள ஒனிக்ஸ் என்ற போக்கிமொன் 14ஆம் அளவில் இருப்பதால், அவரைச் சந்திக்கும் வரை எதுவும் 14ஐத் தாண்டக்கூடாது. இலங்கை வழக்கில் ‘மட்ட வரம்பு’ என்று எழுதிவிடலாம். ஆனால் ‘மட்டமானது’ என்ற இழிபொருள் குறுக்கே வருமோ என்று தயங்குகிறேன். ‘படிநிலை வரம்பு’ நீளமாக இருந்தாலும் இரு கரையிலும் செல்லும் என்று தோன்றுகிறது. தமிழக, மலேசிய உறுப்பினர்கள் இதைப் பற்றித் தங்கள் கருத்தை எழுதினால், தொகுப்பில் சேர்ப்பதற்கு முன் முடிவு செய்யலாம்.