போனில் ஸ்டோரேஜ் ஃபுல். எல்லாவற்றையும் அழித்தும் இடம் வரவில்லை. அவசரம்!

மாறன்22 | இரவு 8.47
வணக்கம் நண்பர்களே. போனில் ஸ்டோரேஜ் ஃபுல் என்றே வந்துகொண்டிருக்கிறது. கேலரியில் இருந்த வீடியோ, போட்டோ பாதிக்கு மேல் அழித்துவிட்டேன், கேம்களையும் எடுத்துவிட்டேன். அப்படியும் 300 எம்பிதான் காலி. கேமராவைத் திறந்தால் இடமில்லை என்கிறது, வாட்ஸ்அப்பில் எதுவும் இறங்க மாட்டேன் என்கிறது. நாளை வீட்டில் விசேஷம், வீடியோ நான்தான் எடுக்க வேண்டும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி | இரவு 8.53
ஆண்ட்ராய்டா, ஐபோனா? மொத்தம் எத்தனை ஜிபி? செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்தால் படம், வீடியோ, ஆப், சிஸ்டம், மற்றவை என்று பிரித்துக் காட்டும். அந்த எண்களை இங்கே போடுங்கள். அது தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் குருட்டு யோசனைதான்.

வானம்பாடி | இரவு 8.55
டெலிகிராம் இருக்கிறதா? இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். நீங்கள் சும்மா தொட்டுப் பார்த்த படம், பாட்டு எல்லாம் அதன் கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், சேர்ந்துகொண்டே போகும். செட்டிங்ஸ், டேட்டா அண்ட் ஸ்டோரேஜ், ஸ்டோரேஜ் யூசேஜ் போய் கேஷை அழியுங்கள். எல்லாம் அவர்கள் சர்வரில் இருப்பதால் தேவைப்பட்டால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். கீப் மீடியா என்பதை ஒரு வாரத்துக்கு மாற்றிவிட்டால் அப்புறம் தானாகவே அழியும்.

குறிஞ்சி | இரவு 8.58
எல்லா ஆப்பிலும் க்ளியர் கேஷ் கொடுங்கள் சகோ. பிரவுசரிலேயே ஒரு ஜிபி வரும்.

கணிமொழியான் | இரவு 9.04
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விளக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. போன் மாடல் இல்லை, ஆண்ட்ராய்டு பதிப்பு இல்லை, "எல்லாம் அழித்துவிட்டேன்" என்ற ஒரு வரியை வைத்து என்ன செய்வது?

முதலில் அடிப்படையைப் புரிந்துகொள்ளுங்கள். 64 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தால் 64 முழுதாகக் கிடைக்காது. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், சில மென்பொருள்கள் 1024-ஆல் கணக்குப் போடுகின்றன. அந்தக் கணக்கில் 64 என்பது 59.6 ஆகிவிடும். அதிலும் சிஸ்டம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மாறன்22 | இரவு 9.11
ஆண்ட்ராய்டு 13. 64 ஜிபி. சிஸ்டம் 14 ஜிபி, மற்றவை 21 ஜிபி என்று காட்டுகிறது. மற்றவையைத் தொட்டால் ஒன்றும் திறக்கவில்லை. டெலிகிராம் இல்லை.

நுண்ணோக்கி | இரவு 9.19
இதுதான் வேண்டியிருந்தது. 21 ஜிபி மற்றவை என்பது சாதாரண அளவு இல்லை.

முதல் சந்தேகம், நீங்கள் அழித்தவை இன்னும் அழியவே இல்லை. ஆண்ட்ராய்டு 11-இலிருந்து கேலரியில் அழிப்பது பெரும்பாலும் ட்ராஷுக்குத்தான் போகும், 30 நாள் அங்கேயே கிடக்கும். அதுவரை ஒரு எம்பிகூடத் திரும்பாது. ஃபைல் மேனேஜரில் மறைகோப்புகளைக் காட்டு என்று கொடுத்துவிட்டு கேமரா ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஒரு புள்ளி, ட்ராஷ்டு என்ற சொல், ஒரு நீண்ட எண், அதன்பின் உங்கள் பழைய வீடியோவின் பெயர் என்று வரிசையாக நிற்கும். அந்த எண்தான் கோப்பு நிரந்தரமாக அழிய வேண்டிய நேரம். அதைக் கையால் தொட வேண்டாம். கேலரியில் ட்ராஷ் அல்லது ரீசைக்கிள் பின் என்ற இடத்துக்குப் போய்க் காலி செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கூகுள் போட்டோஸில் பேக்கப் போட்டிருந்தால், அங்கே ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், கிளவுடிலும், அதாவது கூகுளின் சர்வரிலும் போகும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதிலேயே ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்ற பொத்தான் இருக்கிறது. பேக்கப் ஆனவற்றின் போன் பிரதியை மட்டும் அது நீக்கும்.

கணிமொழியான் | இரவு 9.24
மற்றவை என்பது சிஸ்டத்தின் எச்சங்கள். அப்டேட் மேல் அப்டேட் போட்டால் சேரத்தான் செய்யும். ஒரே தீர்வு ஃபேக்டரி ரீசெட், அதாவது போனில் உள்ளதை எல்லாம் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது. ஒரு மணி நேர வேலை. மற்றதெல்லாம் நேரம் வீண்.

தேன்சிட்டு | இரவு 9.27
மாறன், தயவுசெய்து ரீசெட் செய்யாதீர்கள்! நாளை விசேஷத்தை வைத்துக்கொண்டு இன்று இரவு செய்கிற வேலையா அது? வாட்ஸ்அப் பேக்கப் எடுக்கவே உங்கள் போனில் இப்போது இடம் இல்லை. அரையும் குறையுமான பேக்கப்பை நம்பி ரீசெட் போட்டால் வருடக்கணக்கான செய்திகள் போய்விடும்.

ஒன்று கேட்கிறேன். இரட்டை ஆப் வைத்திருக்கிறீர்களா? அதாவது ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப்?

குறிஞ்சி | இரவு 9.30
ரீசெட் வேண்டாம் என்றால் ஏதாவது ஒரு க்ளீனர் ஆப் போட்டுப் பாருங்கள். ஒரே தட்டில் எல்லாம் சுத்தமாகிவிடும்.

நுண்ணோக்கி | இரவு 9.36
வேண்டவே வேண்டாம். ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு வெளியார் ஆப் எதுவும் மற்ற ஆப்களின் கேஷை நேரடியாக அழிக்க முடியாது, அந்த அனுமதி சிஸ்டத்துக்கு மட்டும்தான். அதனால் இந்த க்ளீனர்களில் பல அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்கும். அதைக் கொடுத்தால் திரையில் இருப்பதைப் படிக்கலாம், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தலாம். வங்கி ஆப் இருக்கும் போனில் முன்பின் தெரியாத ஒருவருக்கு அதைக் கொடுக்கலாமா?

வழிப்போக்கன் | இரவு 9.40
இவ்வளவு பேசுவதற்கு ஒரு மெமரி கார்டு போட்டால் முடிந்தது. கேமரா செட்டிங்ஸில் சேமிக்கும் இடத்தைக் கார்டுக்கு மாற்றுங்கள். கார்டு போடும் வசதியையே பல போன்களில் எடுத்துவிட்டார்கள், அதுதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

கணிமொழியான் | இரவு 9.44
கார்டை நம்பிப் படம் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. போனின் உள்நினைவகத்தோடு ஒப்பிட்டால் வேகமும் குறைவு, ஆயுளும் குறைவு. சந்தையில் போலிக் கார்டுகள் வேறு. 128 என்று காட்டிவிட்டு உள்ளே பத்துகூட இருக்காது. எழுதும்போது எல்லாம் சரியாகவே தெரியும், திறக்கும்போதுதான் கோப்பு கெட்டுப்போயிருக்கும். இந்தக் காலத்தில் கிளவுடுதான்.

வழிப்போக்கன் | இரவு 9.49
கிளவுடில் இலவசம் எவ்வளவு? கூகுளில் 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் விழும். நிரம்பினால் மாதாமாதம் பணம். கார்டுக்கு ஒருமுறைதான் செலவு. என் படங்கள் என் கையில் இருக்க வேண்டும், நெட் இல்லாத இடத்திலும் திறக்க வேண்டும்.

கணிமொழியான் | இரவு 9.52
போன் தொலைந்தால் கார்டும் அதோடு போகும். அப்போது எது உங்கள் கையில் இருக்கும்?

தேன்சிட்டு | இரவு 9.55
இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அது வேறு இழைக்கான பேச்சு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கார்டு போட்டதும் உள்நினைவகமாக மாற்றவா என்று சில போன்கள் கேட்கும். அப்படி மாற்றினால் கார்டு அந்தப் போனோடு பூட்டப்பட்டுவிடும், வேறு எதிலும் படிக்க முடியாது. வெளிச் சேமிப்பு என்பதையே தேர்ந்தெடுங்கள்.

மாறன், இருக்கிறீர்களா? இரண்டு வாட்ஸ்அப் உண்டா?

மாறன்22 | இரவு 10.08
மன்னிக்கவும், சாப்பிடப் போய்விட்டேன். ஆமாம், இரண்டு இருக்கிறது. ஒன்று ஆபீஸ் நம்பர். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தேன்சிட்டு | இரவு 10.16
அங்கேதான் விஷயம். இரட்டை ஆப் போட்டால் பல போன்களில் அதற்கென்று தனிப் பயனர் ஒருவரை போன் மறைவாக உருவாக்கிக்கொள்ளும். இரண்டாவது வாட்ஸ்அப்பில் வரும் படம், வீடியோ, பிடிஎஃப் எல்லாம் அந்தப் பயனரின் சேமிப்பில் விழும். உங்கள் கேலரியிலும் ஃபைல் மேனேஜரிலும் அவை பெரும்பாலும் தெரியாது. ஸ்டோரேஜ் பக்கம் அதை எந்த வகையிலும் சேர்க்கத் தெரியாமல் மற்றவையில் போட்டுவிடும். ஆபீஸ் குழு என்றால் கோப்புகள் குவியும், கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது வாட்ஸ்அப்பைத் திறந்து அதன் உள்ளேயே செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் போங்கள். 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாக நிற்கும், கீழே எந்தக் குழு எவ்வளவு அடைத்திருக்கிறது என்று பெரியதிலிருந்து வரிசையாக வரும். வேண்டாததை அங்கேயே தேர்ந்தெடுத்து அழியுங்கள். வேண்டியதை அதற்கு முன் வேறு எங்காவது அனுப்பி வையுங்கள்.

எக்காரணம் கொண்டும் செட்டிங்ஸில் போய் இரட்டை ஆப்பை அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் அந்த வாட்ஸ்அப்பின் செய்திகளும் சேர்ந்து போய்விடும்.

இளவேனில் | இரவு 10.21
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். ஐபோனிலும் இப்படித்தானா? எனக்கும் இடம் இல்லை.

நுண்ணோக்கி | இரவு 10.25
ட்ராஷ் விஷயம் அங்கும் உண்டு. போட்டோஸில் ரீசன்ட்லி டிலீட்டட் ஆல்பத்தைக் காலி செய்யுங்கள், இல்லையென்றால் 30 நாள் கிடக்கும். அப்புறம் செட்டிங்ஸ், ஜெனரல், ஐபோன் ஸ்டோரேஜில் ஆஃப்லோட் இருக்கிறது. ஆப்பை மட்டும் எடுத்துவிட்டு அதன் தரவை வைத்துக்கொள்ளும்.

மாறன்22 | இரவு 11.02
ட்ராஷில் 8 ஜிபி இருந்தது. இரண்டாவது வாட்ஸ்அப்பில் 13. இப்போது 21 ஜிபி காலி. தேன்சிட்டு, நுண்ணோக்கி, நன்றி நன்றி.

தேன்சிட்டு | இரவு 11.06
மிக்க மகிழ்ச்சி! போனை ஒருமுறை அணைத்துப் போட்டுவிடுங்கள். இரண்டு வாட்ஸ்அப்பிலும் தானியங்கி டவுன்லோடிலிருந்து வீடியோவை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதமே மறுபடி வந்து நிற்பீர்கள்.

நாளை வீடியோவை 1080 தரத்தில் எடுங்கள். போனுக்குப் போன் மாறும், ஆனாலும் நொடிக்கு 30 ஃபிரேமில் நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி என்று வைத்துக்கொண்டால் இரண்டரை மணி நேரம் தாங்கும். அதைவிடத் தெளிவான 4கே வைத்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

கணிமொழியான் | இரவு 11.15
ரீசெட் செய்திருந்தால் சிஸ்டமும் குறைந்திருக்கும் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

நுண்ணோக்கி | இரவு 11.19
குறைந்திருக்காது ஐயா. சிஸ்டம் இருக்கும் பகுதி தனி, ரீசெட் அதைத் தொடாது. ரீசெட் அழிப்பது பயனர் தரவைத்தான்.

பொன்வண்டு | காலை 6.40
எனக்கு மற்றவை 30 ஜிபி காட்டுகிறது. ட்ராஷ் காலி, இரட்டை ஆப்பும் இல்லை. என்ன செய்வது?

நுண்ணோக்கி | காலை 7.05
என்ன போன், எந்த ஆண்ட்ராய்டு, மொத்தம் எவ்வளவு? செட்டிங்ஸில் ரேம் விரிவாக்கம் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள், அது ஸ்டோரேஜிலிருந்துதான் சில ஜிபியை எடுத்துக்கொள்ளும். இந்த விவரங்களோடு தனி இழை தொடங்குங்கள்.