வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு, அதிகப் பராமரிப்புக் கேட்காத நாய் எது?

கேள்வி: வேலந்தாவளம் ஆசிரியை

பாலக்காடு மாவட்டத்தில் வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்குச் சற்று உள்ளே, தென்னந்தோப்பை ஒட்டிய வீட்டில் குடியிருக்கிறோம். கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் வேலை. நான் தமிழ்வழிப் பள்ளியில் பணிபுரிகிறேன். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போய்விட்டால், காலை எட்டரை முதல் மாலை நான்கரை வரை மூட்டுவலியோடு மாமியார் மட்டுமே வீட்டில் இருப்பார்.

பிள்ளைகள் லாப்ரடார் குட்டி வேண்டும் என்கிறார்கள். கணவரோ, வளர்த்தால் தோப்புக் காவலுக்குச் சிப்பிப்பாறைதான் என்கிறார். குளிப்பாட்டல், முடி வாருதல், மருத்துவச் செலவு ஆகியவை குறைவாக இருந்தால் போதும் என்பது என் எண்ணம். பக்கத்து வீட்டில் ஆடுகளும் கோழிகளும் உண்டு. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: சித்தூர் கால்நடைப் பணியாளர் (ஓய்வு)

சகோதரி, இனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வயதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மாதக் குட்டியால் பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. அதற்கு நாளுக்கு நான்கு வேளை உணவு வேண்டும். பல் முளைக்கும் பருவத்தில் செருப்பு, மிதியடி, மின்கம்பி என எதையும் விட்டுவைக்காது. எட்டு மணி நேரம் மற்றவர்கள் வீட்டில் இல்லாத குடும்பத்தில் இந்த வேலை முழுவதும் உங்கள் மாமியார் தலையில்தான் விழும். ஒரு வயது தாண்டிய, குணம் தெரிந்த நாயாக இருந்தால் இதில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

லாப்ரடாரின் மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரையில் மீனவர்களோடு குளிர்நீரில் நீந்தியவை. அந்த இரட்டை அடுக்கு முடியோடு, பங்குனி சித்திரையில் 40 பாகையைத் தொடும் நம் ஊர் வெயிலில் அது மூச்சிரைத்தே பாதி நாளைக் கழிக்கும். ஆண்டு முழுவதும் முடி உதிரும். உணவைக் கண்டால் அடங்காத இனம் என்பதால் உடல் பருமனும், அதனால் இடுப்பு மூட்டுக் கோளாறும் எளிதில் வரும். குணத்தில் குறையே இல்லை, ஆனால் நீங்கள் கேட்ட 'அதிகப் பராமரிப்பு வேண்டாம்' என்ற ஒன்றுக்கு மட்டும் அது பொருந்தாது. முகம் சப்பையான பக் இனம் இன்னும் மோசம். அதன் குறுகிய மூச்சுக்குழல் இந்த வெப்பத்தைத் தாங்காது.

என் பரிந்துரை, கருத்தடை செய்த பெண் நாட்டு நாய். குட்டை முடி, மாதம் ஒருமுறை குளிப்பாட்டினாலே போதும், சூட்டைத் தாங்கும், வீட்டில் சமைக்கும் சோற்றோடு முட்டை, மீன், வேகவைத்த இறைச்சி கலந்து கொடுத்தாலே நன்றாக இருக்கும். வெங்காயமும் பூண்டும் சேர்த்த குழம்பை மட்டும் ஊற்ற வேண்டாம். அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்த கோழி எலும்பையும் போடாதீர்கள், அது கூராகப் பிளந்து குடலைக் குத்தும்.

எந்த நாயானாலும் தோப்புப் பக்கத்தில் உண்ணிதான் முதல் எதிரி. மழை நின்ற பிறகு காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினமும் ஒரு நிமிடம் தடவிப் பாருங்கள். உண்ணி கடித்துப் பரவும் காய்ச்சலில் நாய் உணவை ஒதுக்கும், ஈறு வெளுக்கும், சில நேரம் மூக்கில் ரத்தம் வரும். அதைப் பார்த்துக்கொண்டு வீட்டு வைத்தியம் செய்து காத்திருக்கக் கூடாது. மாதந்தோறும் கழுத்தில் விடும் உண்ணி மருந்துக்குச் செலவிடுவது, ஒருமுறை சிகிச்சைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பதில் 2: பொள்ளாச்சி வேட்டைநாய் வளர்ப்பாளர்

கணவரின் விருப்பத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் சிப்பிப்பாறை வளர்ப்பவன் நான். முடி குறைவு, நோய் குறைவு, வாடை குறைவு என்பதெல்லாம் உண்மை. பராமரிப்பில் அதை வெல்லும் நாய் நம்மிடம் இல்லை. ஆனால் அது கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்காகப் பலதலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட நாய். ஓடுகிற எதுவும் அதன் கண்ணுக்கு இரைதான். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி துள்ளினாலோ, கோழி சிறகடித்தாலோ, நீங்கள் கூப்பிட்ட குரல் அதன் காதில் ஏறாது. வேலி உயரமாக இல்லாத தோப்பில் அதை அவிழ்த்துவிட்டால் உறவு கெடும். கட்டியே போட்டால் நாய் கெடும். தினமும் காலையில் யாராவது அதை நன்றாக ஓடவிட முடியும் என்றால் மட்டுமே யோசியுங்கள்.

ராஜபாளையமும் இதே கதைதான். முழு வெள்ளையாக இருக்கும் அந்த இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை அடிக்கடி வருவதால், குட்டி வாங்குபவர்கள் அதன் முதுகுப்புறம் கைதட்டி, திரும்புகிறதா என்று சோதிப்பது வழக்கம். கைக்காற்று படாமல் தள்ளி நின்று தட்ட வேண்டும்.

சித்தூர்க்காரர் நாட்டு நாய் என்று சொன்னதில் எனக்கு ஒப்புதல் உண்டு, ஒரு திருத்தத்தோடு: தெருவில் இரண்டு ஆண்டு சுற்றிய நாயும் கோழியை விரட்டிப் பழகியிருக்கலாம். எடுப்பதற்கு முன், கயிற்றில் பிடித்துக் கோழிகளுக்கு அருகே சிறிது நேரம் நிறுத்திப் பாருங்கள். கண் இமைக்காமல் உடல் விறைத்து உற்றுப் பார்க்கும் நாய் வேண்டாம். பார்த்துவிட்டு மண்ணை மோப்பம் பிடிக்கப் போகும் நாய் சரிவரும்.

பதில் 3: மீனாட்சிபுரம் குடும்பத்தலைவி

மேலே சொல்லப்படாத சில நடைமுறைகள். கேரளத்தில் நாய் வளர்க்கப் பஞ்சாயத்து லைசென்ஸ் வேண்டும். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். அந்த ஊசியை மூன்று மாத வயதில் முதலில் போட்டு, பிறகு ஆண்டுதோறும் தொடர்வது மிருக ஆஸ்பத்திரியில் பெரும் செலவில்லாமல் முடிகிற காரியம். வாய்க்கால் நீரும் எலியும் உள்ள இடமாதலால் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் சேர்ந்த கலவையைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் வீட்டாரையும் காக்கும்.

மாமியாரின் மூட்டுவலியை முன்னிட்டுச் சொல்கிறேன், மேலே தாவி வரவேற்கும் நாயை எடுக்காதீர்கள். சின்ன நாய் என்று டாஷ்ஹண்ட் பக்கம் போகவும் வேண்டாம். நீண்ட முதுகு கொண்ட அந்த இனத்துக்குத் தண்டுவட வட்டு நழுவும் கோளாறு அதிகம், காலடியில் புகுந்து தடுக்கியும் விடும்.

மறுமொழி: வேலந்தாவளம் ஆசிரியை

மூவருக்கும் நன்றி. சிப்பிப்பாறையைப் பற்றிப் படித்ததும் கணவரே பின்வாங்கிவிட்டார். பிள்ளைகளிடம் லாப்ரடாரைப் பற்றிப் பேசுவது இன்னும் பாக்கி. வளர்ந்த பெண் நாய் ஒன்றை எடுக்கலாம் என்று நினைக்கிறோம். கருத்தடை ஏற்கெனவே ஆகியிருக்கிறதா என்று எப்படி அறிவது?

பதில் 4: சித்தூர் கால்நடைப் பணியாளர் (ஓய்வு)

தெரு நாய்த் திட்டத்தில் கருத்தடை செய்த நாய்க்கு ஒரு காதின் நுனியை வெட்டியோ, வடு இட்டோ அடையாளம் வைத்திருப்பார்கள். அது இல்லையெனில் அடிவயிற்றிலோ விலாப்புறத்திலோ தையல் வடு இருக்கிறதா என்று மிருக ஆஸ்பத்திரியில் காட்டிக் கேளுங்கள். வீட்டுக்கு அழைத்து வரும் அன்றே உண்ணி மருந்தும் குடற்புழு மருந்தும் கொடுத்துவிடலாம். ஓணம் விடுமுறைக்கு முன் அழைத்து வாருங்கள், முதல் பத்து நாள்கள் பகலில் வீட்டில் ஆள் இருக்கும்.